தெருவைப் பார்த்த வாசலுக்கு ஒரு கேட்

1

யாழினியின் கொக்கி அப்படியே இருந்தது.

கனடாவில் நாங்கள் குடியிருக்கும் சின்ன ஊரில், பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் காப்பகத்துக்குள் நுழைந்ததும் சுவர் நீளத்துக்குக் கொக்கிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கு மேலேயும் ஒரு படம், ஒரு பெயர். குளிர்ச்சட்டை, தொப்பி, கையுறை எல்லாவற்றையும் பிள்ளை தானே அதில் மாட்டிவிட்டு உள்ளே போகவேண்டும். என் மகள் யாழினிக்கு நான்கு வயது. அவள் கொக்கிக்கு மேலே வாத்துப் படம். திருச்சிக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய மறுநாள் காலை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தபோது என் கண் வாத்தைத்தான் தேடியது.

அவளுடைய ஆசிரியை பெயர் லின். நாங்கள் கிளம்புவதற்கு முன்பே, இடம் எங்கேயும் போகாது, கொக்கி இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் ஒருவர் சொன்னார் என்பதற்காக நிம்மதியாகத் தூங்குகிற ஆள் இல்லை நான். என் மனைவி சுமதி கர்ப்பமாக இருக்கும்போதே அங்கே பெயர் கொடுத்துவைத்தோம். பிள்ளை நடந்து, ஓடி, கதவைச் சாத்தி விளையாட ஆரம்பித்த பிறகுதான் இடம் கிடைத்தது. அது போனால் முதியோர் இல்லத்தில் சுமதிக்குக் கிடைத்திருக்கும் வேலையும் போகும். திருச்சியில் இருந்த நாளெல்லாம் என் மனதின் ஒரு ஓரத்தில் யாரோ அந்த வாத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

யாழினி சட்டையை மாட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள். எனக்குத்தான் கொஞ்ச நேரம் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியைகளுக்கு நன்றி சொல்ல வருடத்தில் ஒரு நாள் இங்கே உண்டு. நாங்கள் வந்த வாரத்திலேயே அது வந்தது. பெற்றோர்கள் எழுதுவதற்கு மேசை மேல் ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்திருந்தார்கள். பேனாவை எடுத்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சொல்ல இருந்ததெல்லாம் ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்தில் நடந்தது. அது அட்டையில் அடங்காது, என் ஆங்கிலத்திலும் அடங்காது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

2

நான் எட்டாவதோடு நின்றவன். காட்டூரில் சேகர் அண்ணன் பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டேன். அந்த வேலைதான் கனடா வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது. படித்தவர்கள் முன்னால் பேசும்போது இன்றைக்கும் நாக்கு ஒரு தடவை உள்ளேயே சுற்றிவிட்டுத்தான் வெளியே வரும். யாராவது குரல் பதிவு அனுப்பினால் இரண்டு மூன்று தடவை கேட்பேன். சொல்லாமல் விட்ட கெட்ட செய்தி ஏதாவது அதற்குள் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சுமதி இதற்காகவே என்னைப் போலீஸ் என்று கூப்பிடுகிறாள்.

காப்பகத்தில் சேர்த்த புதிதில், என் கம்பெனி ஆள் ஒருவனிடம் லின்னை அறிமுகப்படுத்தும்போது, இவர்தான் எங்கள் பேபி சிட்டர் என்று சொல்லிவிட்டேன். லின் கோபப்படவில்லை. அவன் போன பிறகு, தான் இரண்டு வருடம் இதற்காகப் படித்ததாகவும், தன்னை ஆசிரியை என்று சொன்னால் சந்தோஷப்படுவதாகவும் மெதுவாகச் சொன்னார். எனக்குக் காது சுட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் செய்வதைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு பிள்ளை கடித்தால் கடித்தவனிடமும் கடிபட்டவனிடமும் முட்டிபோட்டு உட்கார்ந்து பேசுவார். இன்னொன்றும் கவனித்தேன். கழிவறைக்குப் போகவேண்டுமென்றால் அடுத்த ஆசிரியையைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் அறையை விட்டு நகர்வார். இத்தனை பிள்ளைக்கு இத்தனை பேர் என்று இங்கே கணக்கு உண்டு.

ஆடி மாதக் கடைசியில் விஜயா அக்காவிடமிருந்து போன் வந்தது. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் என்று. அக்கா ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறாள். தெப்பக்குளம் பக்கம் ஒரு புடவைக் கடையில் வேலை. அப்பா அவளோடுதான் இருக்கிறார். நான் போயாகவேண்டும். சுமதிக்கு ஷிப்ட் வேலை, பிள்ளையைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. யாழினியும் என்னோடு வந்தாள்.

3

ஆஸ்பத்திரி புத்தூர் பக்கம். பகல் முழுக்க நான் அப்பாவோடு இருக்கவேண்டும், அக்கா கடைக்குப் போயாகவேண்டும். பிள்ளையை எங்கே விடுவது? இரண்டு பிளே ஸ்கூலில் கேட்டேன். வருடம் முழுக்கச் சேர்ப்பதாக இருந்தால் வாங்க என்றார்கள்.

"நம்ம சந்து முனையிலேயே பால்வாடி இருக்குடா. ஆயா நல்லவங்கதான், கேட்டுப் பாரு" என்றாள் அக்கா.

ஆயா என்று அவள் சொன்னது கலா டீச்சரை. சின்னக் கூடம், பின்னால் ஒரு சமையல் தடுப்பு, சுவரில் அவரே வரைந்த மாம்பழமும் கிளியும். இருபது பிள்ளைகள் இருக்கும். உதவிக்கு இருந்த அம்மா ஓய்வு பெற்றுப் போய்விட்டார், புது ஆள் இன்னும் வரவில்லை. பாட்டும் அவரே, சோறும் அவரே, மூக்குத் துடைப்பதும் அவரே.

விவரத்தைச் சொன்னேன். பதிவில் சேர்க்க முடியாது, ஊர்ப் பிள்ளை இல்லையே என்று யோசித்தார். யாழினி அதற்குள் செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு, தன் பையை மாட்டக் கொக்கி தேடிக்கொண்டிருந்தாள். டீச்சர் சிரித்துவிட்டார்.

"சாப்பாட்டை மட்டும் வீட்டுல இருந்து குடுத்து விடுங்க சார். மத்தபடி இருக்கட்டும். விருந்தாளிப் புள்ளைதானே."

என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அந்தத் தைரியத்தில் கனடாவில் படித்துக்கொண்ட பாடத்தை எல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். அங்கே பிள்ளையை அழைத்துப்போகப் பெற்றோர் தவிர வேறு யாராவது வந்தால், முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்கவேண்டும், அடையாள அட்டை பார்ப்பார்கள். இங்கேயோ சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு பிள்ளை, இஸ்திரி வண்டிக்காரர் மூன்று பிள்ளை என்று கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருந்தேன். 

"என்னைத் தவிர யார் கிட்டயும் விடாதீங்க டீச்சர். யார் வந்து கேட்டாலும்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்றார்.

4

நான் பயந்தது தண்ணீருக்கும் காரத்துக்கும். ஆனால் உண்மையில் பயப்படவேண்டியது வாசல். கூடத்தின் வாசல் நேராகச் சந்தில் திறக்கும். இரண்டு படி, அதற்குக் கீழே பைக் போகும், நாய் படுத்திருக்கும், ஓரத்தில் மூடாத சாக்கடை. கதவைச் சாத்தினால் உள்ளே இருட்டு, புழுக்கம். அதனால் டீச்சர் ஒரு பெஞ்சைக் கவிழ்த்து வாசலுக்குக் குறுக்கே போட்டிருந்தார். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அது குதிரை. அதன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கண் பிள்ளைகள் மேலும் ஒரு கண் தெரு மேலுமாகத்தான் பாட்டு சொல்லிக்கொடுப்பார். அடுப்பு வேலையை முடிந்தவரை காலையில் பிள்ளைகள் வரும் முன்னே முடித்துவிடுவார். மதியத்துக்கு முன்னால் அவர் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "குடிச்சா எழுந்து போவணுமே சார்" என்றார், வெயில் அடிக்கிறது என்று சொல்வது மாதிரி.

ஒரு நாள் டாக்டர் வர நேரமாகிவிட்டது. அவரைப் பார்க்காமல் நகர முடியாது. அக்காவுக்குப் போன் போட்டு, கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரம் போய் யாழினியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றேன். சரி என்றாள். அதோடு போனில் சார்ஜ் தீர்ந்தது. எனக்கும் கவலை தீர்ந்த மாதிரி இருந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். காவிரிப் பாலத்தில் ஏதோ லாரி நின்றுபோய் பஸ் ஊர்ந்தது. பரவாயில்லை, ஆற்றில் தண்ணீர் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அப்படி நேரம் கிடைப்பதே அபூர்வம்.

வீடு பூட்டியிருந்தது.

பால்வாடிக்கு ஓடினேன். அதுவும் பூட்டியிருந்தது. படியில் பிள்ளைகளின் செருப்பு ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன், தெரியவில்லை என்றார்கள். சாக்கடையைக் குனிந்து பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அக்கா நம்பர் மனப்பாடம் இல்லை, சுமதி நம்பர்கூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இவளைக் கொண்டுவந்ததே தப்பு, வாத்துப் படத்துக்குக் கீழே சட்டையை மாட்டிக்கொண்டு பத்திரமாக இருந்திருப்பாளே என்று நினைத்துக்கொண்டே சந்தில் இங்கும் அங்கும் ஓடினேன்.

அப்போது சந்து திரும்பும் இடத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது. அவள் குரலை அந்த அளவுக்கு நான் விரும்பிக் கேட்டது கிடையாது.

தையல்கடை வாசலில் ஒரு நீளப் பலகை. அதன் ஒரு முனையில் கலா டீச்சர், அவர் மடியில் யாழினி, கையில் வெட்டுத் துணிகளை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். மறுமுனையில் விஜயா அக்கா, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு. தையல்காரர் நடுவில் மாட்டிக்கொண்டு மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

"வாடா, வந்துட்டியா" என்றாள் அக்கா. "நான் உனக்கு யாருன்னு இந்தம்மாவுக்கு நீயே சொல்லு. பத்து வருஷமா இதே சந்துல குடியிருக்கேன். என் தம்பி பொண்ணை எனக்குத் தரமாட்டாங்களாம். கடையில லீவு சொல்லிட்டு வந்து தையக்கடையில உக்காந்திருக்கேன்."

டீச்சர் எழுந்துகொண்டார். "அவங்க யாருன்னு எனக்குத் தெரியும் சார். புள்ளையும் அத்தைன்னு ஓடுது. ஆனா யார் வந்து கேட்டாலும் விடாதீங்கன்னு நீங்க சொன்னப்ப நான் சரின்னு சொல்லிட்டேனே. உங்க போனும் எடுக்கலை. பூட்டுற நேரமாச்சு, அதான் நாலு பேர் இருக்கிற எடமா பார்த்து உக்காந்துட்டோம்."

"ஆயாவுக்கு இவ்வளவு ரூல்ஸ்" என்று அக்கா முனகினாள்.

"டீச்சர்னு கூப்பிட்டாலும் இதே ரூல்ஸ்தாங்க" என்றார் அவர். சண்டை போடும் குரல் இல்லை. தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

நான் யாழினியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.  டீச்சருக்கு வீடு ஜீயபுரத்தில். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய் இன்னொரு பஸ் பிடிக்கவேண்டும். அவருடைய பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. ஆறாவது படிக்கும் மகள் ஸ்கூலிலிருந்து வந்து, பூட்டின வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதாகத் தையல்காரரின் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். இருபது பேர் பிள்ளையைப் பார்த்தவருடைய பிள்ளை வாசலில். எல்லாம் நான் கனடாவிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த ஒரு சொல்லால்.

ஆட்டோ வேண்டாம் என்றார். அன்றைக்கு மட்டும் கெஞ்சி ஏற்றிவிட்டேன்.

5

மறுநாள் வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்கு நான் என்ன செய்யலாம், புடவை ஏதாவது, அக்கா கடையிலேயே எடுக்கலாம் என்று இழுத்தேன்.

"புடவை இருக்கு சார்." வாசலைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க வெல்டர்னு உங்க பொண்ணு சொன்னா. அப்பா நெருப்பால ஒட்டுவார்னு. இந்த வாசலுக்கு ஒரு கேட் போட்டுத் தர முடியுமா?"

எனக்கு அதற்கு மேல் சந்தோஷமான வார்த்தை அந்த இரண்டு மாதத்தில் வேறு கிடைக்கவில்லை. கூடவே பயமும் வந்தது. அரசாங்க இடத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவன் இரும்பு வைக்கலாமா? வாடகைக் கட்டடம், சொந்தக்காரர் என்ன சொல்வார்? யாராவது கேஸ் போட்டால்? டீச்சரே எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு வந்தார்.

"ஆபீஸ் மேடம் கிட்ட கேட்டேன். யார் போட்டுத் தராங்கன்னாங்க. ஒரு அப்பான்னு சொன்னேன். சரின்னுட்டாங்க. வீட்டுக்காரர் மட்டும், வாசல் நெலையில ஓட்டை போடாதீங்கன்னார்."

காட்டூருக்குப் போனேன். சேகர் அண்ணனுக்கு முடி நரைத்திருந்தது, வாய் நரைக்கவில்லை. "கனடா வரைக்கும் போய் நெருப்பு அடிச்சுட்டு வந்து, பால்வாடி கேட்டா? நீ ஏர்போர்ட்டுக்கே கேட் அடிப்பேன்னு பாத்தேன்" என்றார். சொல்லிக்கொண்டே நல்ல கம்பியாகப் பொறுக்கி எடுத்து வைத்தார்.

பட்டறை வழக்கப்படி நடுவில் இரண்டு குறுக்குப் பட்டை வைத்து அடிக்கக் கை போனது. அப்புறம் கனடா காப்பகத்துக் கேட் நினைவுக்கு வந்தது. தினமும் காலையில் அதை வெல்டர் கண்ணோடு பார்த்திருக்கிறேன். குறுக்குப் பட்டை வைத்தால் பிள்ளைகளுக்கு அது ஏணி. எல்லாம் நெட்டுக் கம்பிதான் வைக்கவேண்டும். கம்பிக்குக் கம்பி இடைவெளி எவ்வளவு? யாழினி தலையை வைத்துப் பார்த்தேன், அவள் தலை பெரிசு. டீச்சரிடம் கேட்டு, பால்வாடியிலேயே சின்னத் தலைக்காரனான சித்தார்த்தைக் கொஞ்ச நேரம் மாதிரிக்கு நிற்கவைத்தோம். தாழ்ப்பாள் வெளிப்பக்கம், உயரத்தில், பெரியவர் கை மேலாக வந்தால்தான் எட்டும். முனைகளை அரத்தால் ராவி, என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். சேகர் அண்ணன் பார்த்துவிட்டு, "தாடி எடுக்கிறியா?" என்றார். நிலையில் ஓட்டை போடாமல் கவ்விப் பிடிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் பட்டி வைத்தேன். பட்டறையில் மிச்சம் இருந்த பச்சைப் பெயின்ட்.

மாட்டின அன்று பிள்ளைகள் எல்லாரும் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்த்தார்கள். டீச்சர் நம்பவில்லை. தாழ்ப்பாளைப் போட்டு ஆட்டினார். எடுத்துவிட்டு மறுபடி போட்டு ஆட்டினார். பெஞ்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்குப் பின்னாலேயே போட்டு வைத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது, என்னை மாதிரியே ஒரு ஆள் என்று.

அப்புறம் பெஞ்சை நிமிர்த்திச் சுவரோரம் போட்டார். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். தெருவுக்கு முதுகைக் காட்டி. நான் ஊருக்கு வந்ததிலிருந்து அவர் முதுகைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

6

இங்கே நன்றி சொல்லும் நாளில் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றவனிடம் லின் வந்து, ஊர் எப்படி இருந்தது என்று கேட்டார். போனில் கேட் படத்தைக் காட்டினேன். வெல்டிங் சுத்தமாக இருக்கிறது என்றார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். சொன்னேன். எத்தனை ஆசிரியைகள்? ஒருவர் என்றேன். லின் படத்தைப் பெரிதாக்கி, கம்பிக்குப் பின்னால் தெரிந்த கலா டீச்சரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவருக்கு இன்னொரு ஆள் வேண்டும்" என்றார். 

எனக்கும் தெரியும். கேட் பிள்ளையை நிறுத்தும். அழுகிற பிள்ளையைத் தூக்காது. உதவிக்கு ஆள் போடுவது பெரிய இடத்து வேலை, அதை ஒரு வெல்டர் செய்ய முடியாது. ஆனாலும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் பேசும்போது, உனக்குச் செவ்வாய்க்கிழமை வார லீவுதானே என்று மெல்ல ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. வாரம் முழுக்க நின்னு நின்னு கால் வீங்கிப்போய் ஒரு நாள் படுக்கிறேன், அது உனக்குப் பொறுக்கலையா, என் புள்ளையை எனக்கே தராதவங்களுக்கு நான் போய் ஊழியம் பண்ணணுமா என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். அப்பா வாக்கர் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார் என்று ஒரு நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

யாழினி ஊரிலிருந்து வந்த புதிதில் சாப்பாட்டு நேரத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டாம் நாளிலிருந்து காப்பகத்துக்குள் ஓடும்போது என்னைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றாள். ஒவ்வொரு காலையும் அதைக் கேட்கத்தான் நான் வண்டியை விட்டு இறங்கினேன் என்று சொல்லலாம். இந்த வாரம் அது "பை பா" ஆகிவிட்டது. சுமதி, அதுக்கென்ன, சந்தோஷமாத்தானே போறா என்கிறாள். ஆமாம், சந்தோஷமாகத்தான் போகிறாள். கலா டீச்சர் எங்கே என்று கேட்டால், "கேட்டுக்குள்ள" என்று தமிழில்தான் சொல்கிறாள். அது போகும்வரை போகட்டும்.

7

இன்றைக்குக் காலையில் காப்பி போடும்போது போனில் அக்காவின் குரல் பதிவு இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அனுப்பியது. அப்பாவுக்கு ஏதாவதோ என்று அடுப்பை அணைத்தேன். அழுத்தினேன். முதலில் ஒரே பிள்ளைகள் இரைச்சல். அதற்கு மேலே அக்கா கத்திக்கொண்டிருந்தாள்.

"டேய், சும்மா எட்டிப் பாக்கலாம்னுதான்டா வந்தேன். அந்தம்மா, அக்கா ஒரு அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டு, நீ அடிச்ச கேட்டுக்குள்ள என்னையும் வச்சுத் தாப்பா போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. இதுங்க கதை சொல்லு கதை சொல்லுன்னு உசுரை எடுக்குதுங்க. எனக்கு என்னடா கதை தெரியும்? புடவை ரகம்தான் தெரியும். அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். வாயைப் பொளந்துகிட்டுக் கேக்குதுங்க... டேய் சித்தார்த்து, முந்தானையை விடு."

தாழ்ப்பாள் எடுக்கும் சத்தம் கேட்டது. என் தாழ்ப்பாள், எனக்குத் தெரியும். கலா டீச்சரின் குரல் தூரத்தில், பாதி டீயோட வந்துட்டேங்க அக்கா, நேரமாயிடுச்சா என்றது.

"நீங்க மெதுவா குடிச்சுட்டு வாங்க டீச்சர்" என்றாள் விஜயா அக்கா. "நான் இருக்கேன்."

பதிவு அதோடு முடிந்தது. காப்பியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். யாழினி வாசலில் காலணியை இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பதிவை நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை.